கோல் போட்ட சட்டை

தம்பி,

கவரை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். வழியில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், உன் மாமனாராகப் போகிறவரே படித்தாலும் சரி. ஃபோனில் சொல்லலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் “மீட்டிங்ல இருக்கேம்மா” என்றாய். மூன்று வாரத்தில் தாலி கட்டப்போகிறவனுக்கு அப்படி என்ன மீட்டிங்கோ, மீட்டிங்கில் இருப்பவன் வாயில் முறுக்கு நொறுங்குகிற சத்தம் எப்படி வந்ததோ, அதை நீதான் சொல்ல வேண்டும். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். என் எழுத்தை நானே இரண்டாம் முறை படிக்கத் திணறுவேன். அதனால் உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பிழை திருத்தி, நல்ல தாளில் எழுதித் தருகிறாள். ஓர் இடம் வந்தபோது பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்துதான் மிச்சத்தை எழுதினாள். அது எந்த இடம் என்று படிக்கும்போது உனக்கே தெரியும்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். செபராங் ஜெயாவில், கல்யாண மண்டப வாசலில், ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கப்போகிற பேனர். பழைய வெள்ளை ஜெர்சி, முதுகைப் பாதி காட்டித் திரும்பி ஓடுகிற உடம்பு, பதினான்காம் எண், தூக்கிய இரண்டு கைகள், அதற்கு மேல் உன் அப்பாவின் முகம். கீழே தங்க எழுத்தில் ‘மறக்க முடியாத கோல் வீரர்’ என்று. “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டு இரண்டு இதயம் வேறு போட்டிருந்தாய். அன்றைக்கு நான் பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன். குமட்டுகிறது, தம்பி. உன் அப்பாவுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதில் கதவு வைத்து வாடகைக்கு விடலாம் என்று நான் ஆயுசு முழுக்கக் கிண்டல் செய்திருக்கிறேன். உன் கம்ப்யூட்டர் அந்தச் சந்தை அடைத்து, பற்பசை விளம்பரக்காரனுக்கு இருக்கிற மாதிரி ஒரு வரிசைப் பல்லைக் கட்டிவிட்டிருக்கிறது. புருவத்துத் தழும்பைத் துடைத்துவிட்டது. கழுத்து எங்கே முடிகிறது, அடுத்த ஆள் எங்கே ஆரம்பிக்கிறார் என்று பார்த்தால் அங்கே ஒரு புகை. இரண்டு வருடத்துக்கு முன் நம் கையால் தீ வைத்த மனுஷரின் முகத்தை உரித்தெடுத்து இன்னொருவர் தோள்மேல் ஒட்டிய மாதிரி இருந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே சோறு இறங்கவில்லை என்றால் நிலைமை எப்படி என்று யோசித்துக்கொள்.

சுலபத்தில் அருவருப்புப் படுகிறவள் நான் இல்லை. சூலியா தெருவுக்குப் பின்னால் சந்தில் இருந்த உன் தாத்தாவின் டோபி கடையில் நான் கையை நனைக்காத நாள் கிடையாது. ஒரு பந்தாட்டக் கிளப்பின் துணி முழுக்க எங்களிடம்தான் வரும். ஆட்டம் முடிந்த மறுநாள் இரண்டு சாக்கு வந்து இறங்கும். அவிழ்த்ததும் தெருநாய்கூட எழுந்து எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். அவர்கள் சம்பளத்துக்கு ஆடியவர்கள். ஆனால் பாதிப் பேருக்கு அந்தச் சம்பளம் போதாமல் வேறு வேலையும் இருந்தது. கோல் கீப்பர் விடியற்காலையில் பாசாரில் மீன் வெட்டுவார். அவர் கையுறையை மூன்று தண்ணீரில் அலசினாலும் கெளுத்தி வாடை போகாது. இடது பக்கம் ஓடுகிற ராஜு, மூக்கு இருப்பதே சட்டைக் கையில் துடைக்கத்தான் என்று நினைத்தவர். வலது பக்கம் ஆடிய ஆ லெக் காலுறைக்குள் சீனக் கோயில் தாயத்துக் காகிதம் வைத்திருப்பார். அது ஊறிக் கூழாகி வரும். சுரண்டி எடுத்துக் காயவைத்துத் திருப்பிச் செருகி அனுப்புவேன். ரத்தம், சளி, தைலம், வாந்தி எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்களை இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவர்கள் பெயரில் ஒரு பெஞ்சுப் பலகைகூட இல்லை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுச் சட்டையை நீட்டினால் மூக்காலேயே நான் ஆளைச் சொல்லிவிடுவேன். அந்த அழுக்கு எதுவும் எனக்குக் குமட்டவில்லை. அது உழைத்த அழுக்கு, தண்ணீருக்குப் பயப்படும்.

அவர்களில் ஒன்பதாம் எண் வீரையா. பந்து இடுப்பு உயரத்தில் வந்தாலும் தலையைக் கொடுத்து விழுகிறவர். அதனால் அவர் சட்டையில் மட்டும் வயிற்றுப் பக்கம் புல் கறை பச்சையாக அப்பியிருக்கும். அந்தக் கறையை எடுக்க எனக்கு அரை நாள் ஆகும். ஆனாலும் அவரைத் திட்ட மனசு வராது. ஏனென்றால் அந்த இரண்டு சாக்கிலும் காலுறையை நேராகத் திருப்பிப் போட்டு அனுப்பும் ஒரே ஆள் அவர். மற்றவர்கள் கழற்றியபடி சுருட்டி எறிவார்கள், உள்ளே மண்ணும் நகமும் இருக்கும். துவைக்கிறவளுக்கும் கை என்று ஒன்று இருக்கிறது என்று நினைத்தவர் வீரையா மட்டும்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு வேண்டியிருக்கும்.

பதினான்காம் எண் உன் அப்பா. அவர் சட்டை நான் அனுப்பிய மடிப்போடு திரும்பி வரும். பெஞ்சில் உட்கார்ந்தே வருகிறவரின் சட்டைக்கு என்ன அழுக்கு வரும்? அவரை அப்போது அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், சிரிக்காதே. “அண்ணே, இதத் தொவைக்கவா, இல்ல சும்மா மோந்து பாத்துட்டுக் குடுத்துடவா?” என்பேன். “கொஞ்சம் சேத்துல பொரட்டிட்டுத் தொவையேன் தங்கச்சி, எங்கம்மா சந்தோசப்படும்லா” என்பார், அந்தப் பல் சந்தைக் காட்டிக்கொண்டு. அப்படித்தான் ஆரம்பித்தது. சாக்கு கொண்டுவருவது வேறு ஆளின் வேலை, ஆனால் வாராவாரம் இவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

இப்போது நான் செய்ததைக் கேள். சித்ரா பௌர்ணமிக்குக் காவடி எடுக்கிற ஒருவர் புது மஞ்சள் வேட்டி ஒன்றை அலசித் தரச் சொல்லிக் கொடுத்தார். புது மஞ்சளைத் தனியாகத்தான் போட வேண்டும், அது டோபி வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். நான் வாசலையே பார்த்துக்கொண்டு, சாக்கை எடுக்க உன் அப்பா எப்போது வருவார் என்கிற நினைப்பில், வேட்டியை வீரையாவின் சட்டை ஊறிய தொட்டியிலேயே போட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஒன்பதாம் எண் மாம்பழம் மாதிரி இருந்தது. அந்தக் கிளப்பில் ஆளுக்கு ஒரே வெள்ளைச் சட்டைதான். வெளி மாநிலத்தில் ஆட்டம், பஸ் கிளம்ப இரண்டு மணி நேரம். உன் தாத்தாவுக்குத் தெரிந்தால் முதலில் பெல்ட்டு பேசும், பிறகுதான் அவர் பேசுவார். நான் மஞ்சள் சட்டையைச் சுருட்டி விறகுக்கு அடியில் ஒளித்துவிட்டு, உன் அப்பாவின் பதினான்கை வீரையாவின் பையில் மடித்து வைத்தேன். உன் அப்பா வந்ததும் குசுகுசுவென்று சொன்னேன்.

“ஒங்க சட்டைய வீரையா அண்ணனுக்கு வச்சிட்டேன். நீங்க எப்படியும் எறங்கப்போறதில்ல.”

“எங்க மேனேஜருக்கு முன்னாடியே ஒனக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்” என்று சிரித்துவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த ஆட்டத்தில்தான் வீரையா அந்த கோலைப் போட்டார். உன் அப்பாவின் சட்டை அவருக்குப் பத்தாமல் வயிறு தெரிய, மூன்று பேரைத் தாண்டிப் போய் அடித்தாராம். மேலே உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர் கையில் இருந்த தாளில் பதினான்கு என்றால் உன் அப்பா பெயர். மறுநாள் பேப்பரில் உன் அப்பா பெயர்தான் வந்தது. பட்டியலுக்கு மாறாகச் சட்டை போட்டு ஆளை இறக்கியது வெளியே தெரிந்தால் அபராதம் வரும் என்று மேனேஜர் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். கிளப் கமிட்டிப் பெருந்தலைகள் ஆட்டத்துக்குப் போனதில்லை. குளிர் அறையில் உட்கார்ந்து, கோழிக்கால் கடித்துக்கொண்டு, பேப்பர் பார்த்தே யார் ஆடினார் என்று முடிவு செய்கிறவர்கள். அவர்கள் வாய் துடைத்த மேசைத்துணியும் எங்களிடம்தான் வரும். அந்தத் துணியைத் தொட எனக்குக் கூசும், ஜெர்சியைத் தொட ஒருநாளும் கூசியதில்லை.

சீசன் முடிந்து, அடுத்த வருடத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று கமிட்டி கூடப்போகிற வாரம், வீரையா கடைக்கு வந்தார். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உன் தாத்தா முன்னால் உட்கார்ந்து துணி எண்ணிக்கொண்டிருந்தார். வீரையா மடித்த பேப்பரை மேசைமேல் வைத்தார்.

“தங்கச்சி, ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். டோபி கடையில சட்ட மாறிப்போச்சுன்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. என்னைய நிறுத்தப்போறாங்க லா.”

உன் தாத்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“இல்லண்ணே. நான் நம்பர் பாத்துத்தான் மடிச்சேன்” என்றேன்.

வீரையா பேப்பரை எடுத்துப் பையில் வைத்தார். திரும்பும்போது, “அயன் பொட்டி சட்டை மேலயே நிக்குது பாரு, கருகிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் அப்பாவைத் தப்பாக நினைக்காதே. அன்று சாயங்காலமே அவர் வந்து, “நான் போய்ச் சொல்லிடவா?” என்று கேட்டார். தடுத்தது நான். அந்த கோலை நம்பித்தான் என் வீட்டில் இவரைப் பெண் கேட்க வரச் சொல்லியிருந்தார்கள். ‘கல்யாணம் முடியட்டும்’ என்றேன். கமிட்டி வீரையாவை நிறுத்தியது, உன் அப்பாவுக்கு இன்னொரு சீசன் கொடுத்தது. அந்த சீசனிலும் அவர் சட்டை மடிப்புக் கலையாமல்தான் வந்தது. கல்யாணம் முடிந்தது. பிறகு உன் அக்கா பிறக்கட்டும் என்றேன், பிறகு நீ பிறக்கட்டும் என்றேன். ஆரம்பத்தில் யாராவது அந்த கோலைப் பற்றிக் கேட்டால் உன் அப்பா, “என் சட்ட போட்டுச்சு” என்று சொல்லிச் சிரிப்பார். நீ ஏழு வயதில், பள்ளிக்கூட நண்பனை வீட்டுக்குக் கூட்டிவந்து, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பேப்பர்த் துண்டைக் காட்டி, “எங்கப்பா போட்டாரு, கேளு” என்றாய். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அடுப்படியிலிருந்து, “மூணு பேரத் தாண்டிப் போயி போட்டாருடா” என்றேன். அன்றோடு அந்த வாக்கியத்திலிருந்து சட்டை விழுந்துவிட்டது. பேப்பர்க்காரர் தெரியாமல் செய்த தப்பு. நான் தெரிந்தே அதற்கு உப்பு, புளி, மிளகாய் போட்டுத் தாளித்து உனக்கு ஊட்டினேன். இதை எழுதும்போது என் கையையே எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆனால் தம்பி, நான் ஊட்டியதை மட்டும் நீ சாப்பிடவில்லை. பழைய பந்தாட்டப் படங்களைப் போடுகிற ஓர் இணையப் பக்கத்தில் இந்தப் படம் உனக்குக் கிடைத்ததை உன் அக்கா சொன்னாள். படத்தில் முகம் தெளிவாக இருந்ததாமே. அது அப்பா இல்லை என்று பார்த்த நிமிஷமே உனக்குத் தெரிந்திருக்கும். அப்போது நீ என்ன செய்திருக்க வேண்டும்? “யாரும்மா இது?” என்று என்னைக் கேட்டிருக்க வேண்டும். பயந்தாய். பந்து என்றால் உயிரை விடும் மாமனாரிடம் ஒரு வருடமாக அளந்த கதை இருக்கிறதே. என்னைக் கேட்காமல் கம்ப்யூட்டரைக் கேட்டாய், அது உனக்கு ஒரு தலையை வெட்டி ஒட்டிக் கொடுத்தது. நான் ஒரு மனுஷரின் கோலைத்தான் எடுத்தேன். நீ அவர் தலையையே எடுத்துவிட்டாய். அம்மாவைவிடப் பிள்ளை முன்னேறியிருக்கிறான், எந்த வாயால் இதைப் பாராட்டுவது என்று தெரியவில்லை.

அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார். எங்கே இருக்கிறார் என்று எனக்கு எப்போதும் தெரியும், அதுதான் கேவலத்திலும் கேவலம். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை. நம் டோபி கடையிலிருந்து அந்தப் பக்கம் துணி கொண்டுபோகும்போது எத்தனையோ தடவை வேனில் இருந்தபடி பார்த்திருக்கிறேன். பார்த்ததும் மடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். உன் படம் வந்த மறுநாள் ஃபெரியில் ஏறி, பஸ் பிடித்துப் போனேன். அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. தொடை மட்டும் அதே தொடை.

“யாரம்மா பாக்கணும்?”

“ஒங்களத்தான் அண்ணே. டோபி கடை.”

கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அயன் பொட்டிய அணைச்சிட்டு வந்தியா?” என்றார்.

அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மஞ்சள் வேட்டியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு லாரிக்குக் கேட்டைத் தூக்கிவிட்டு வந்தார். “மறந்துட்டேன்னு சொன்னா அது பொய்லா” என்றார். “வேல போனது கூடப் போகட்டும். எம் பையனுங்க ரெண்டு பேரும் நம்பல தங்கச்சி. பேப்பர்ல வேற பேரு இருக்கே. ‘கோல் மன்னன் வந்துட்டாரு, சோறு போடுங்க’ன்னு கிண்டல் பண்ணுவானுங்க. ரொம்ப நாளைக்கு முன்னாடியே நான் அதப் பத்திப் பேசறத விட்டுட்டேன்.” மன்னிச்சிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணக் கார்டை இரண்டு கையாலும் கொடுத்தேன். கார்டில் இருந்த உன் அப்பா பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா சிரிப்பான். பெஞ்சில இருந்து எல்லாரையும் சிரிக்க வைப்பான்” என்றார். பிறகு, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்கிற மாதிரி, “அந்த ஆட்டத்துப் போட்டோ எதாச்சும் எங்கியாவது இருக்குமா? நான் பாத்ததே இல்ல” என்றார்.

தம்பி, ஃபோன் என் கையில்தான் இருந்தது. நீ அனுப்பிய படம் அதில்தான் இருந்தது. அவருடைய கால், அவருடைய கை, அவருடைய வயிறு, உன் அப்பாவின் தலை. நான் ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, “இருக்குண்ணே. பெருசாப் பண்ணிக் கொண்டாறேன்” என்றேன்.

ஆகவே அந்த இணையப் பக்கத்தில் கிடைத்த படத்தை, தலையோடு, பெரிதாக அடித்துக்கொண்டு வா. கீழே வீரையா என்று போடு, தங்க எழுத்திலேயே போடு. அவர் மனைவியோடும் இரண்டு மகன்களோடும் வருகிறார். வாசலில் அந்த இரண்டு பையன்களும் நின்று பார்க்க வேண்டும். உன் அப்பாவுக்கும் படம் வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது. அதே ஆட்டத்தில் எடுத்தது. சட்டை இல்லாததால் டிராக்சூட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே எதையோ பார்த்துக் கையைத் தட்டிச் சிரிக்கிறார், பல் சந்து நன்றாகத் தெரிகிறது. எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று உனக்கு இப்போது தெரியும். வீரையாவின் கோலைப் பார்த்து. அதைவிட நல்ல முகத்தை எந்தக் கம்ப்யூட்டரும் அவருக்கு வரைந்துவிடாது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

உன் மாமனாரிடம் நீயே போய்ச் சொல், இந்த வாரமே சொல். கல்யாணம் முடியட்டும் என்று மட்டும் நினைக்காதே. அந்த வார்த்தையைச் சொன்னவள் முப்பது வருடமாக வேனில் குனிந்துகொண்டு போகிறாள். அவர் கோபித்துக்கொண்டு பெண்ணைத் தரமாட்டேன் என்றால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். பந்தைப் பற்றித் தெரிந்தவர் என்றால், பெஞ்சில் உட்கார்ந்தவனும் அந்த ஆட்டத்தில்தான் இருந்தான் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

முறுக்கைக் குறை, கோட்டுப் பொத்தான் மூடாது. தாலி கட்டும்போது நீ உடுத்தப்போகிற வேட்டியை நானே கையால் அலசிக் காயவைத்திருக்கிறேன். மெஷினில் போடவில்லை. தனியாகத்தான் போட்டேன்.

அம்மா